நொண்டிய மூன்றாவது புள்ளி

அந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒரு எண் இருந்தது, ஆனால் எண்ணைச் சொல்லி அதை யாரும் கூப்பிட்டதில்லை. கோபுரத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு சேவலை வரைந்து வைத்திருந்தார்கள். அதனால் பிரான்ஸின் லோரியான் துறைமுகத்தில் பேண்டு வாசிக்கிறவன் முதல் உருளைக்கிழங்கு உரிக்கிறவன் வரை எல்லாருக்கும் அது 'சேவல்'தான். ஒன்றரை வருஷத்தில் ஐந்து பயணம், பதினான்கு கப்பல், தொண்ணூற்று நாலாயிரம் டன். மூழ்கடித்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கொடி, அதில் கறுப்பு எழுத்தில் எத்தனை டன் என்ற எண். அந்தக் கொடிகளைப் பறக்கவிட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் துறைமுகத்துக்குள் நுழைவார்கள்.

கேப்டன் ரெடெக்கருக்கு வயது இருபத்தொன்பது. இருந்தும் கப்பலில் அவர் பெயர் 'பெருசு'. மீசை முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் நீர்மூழ்கியில் கேப்டன் என்றால் பெருசுதான். இந்தப் பெருசுக்குத் தொண்டை வலி என்று ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். லட்சம் டன்னைக் கடலுக்கு அடியில் அனுப்பினவன் கழுத்தில் ஒரு சிலுவைப் பதக்கம் மாட்டுவார்கள். அது மாட்டும்வரை சில கேப்டன்களுக்குக் கழுத்து நமநமவென்றே இருக்கும். அதுதான் அந்தத் தொண்டை வலி. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜனவரியில் ஆறாவது பயணம் கிளம்பியபோது ரெடெக்கரின் வலிக்கு மருந்து இன்னும் ஆறாயிரம் டன்.

கேப்டனின் படுக்கைக்கு நேர் எதிரே, ஒரு அலமாரி அளவுக்கு ஒரு பொந்து. ரேடியோக்காரன் எய்லர்ட் அதற்குள்தான் குடியிருந்தான். செய்தி வாங்குவது, அனுப்புவது, சங்கேதத்தைப் பிரிப்பது எல்லாம் அவன் வேலை. இசைத்தட்டு போடுவதும் அவன் வேலை. அவன் அப்பா லேர் ஊரில் பாய்மரத் துணி தைத்தவர் என்பதால் கை ஊசிக்குப் பழகியிருந்தது. ஆகவே கொடி தைப்பதும் அவன் தலையில் விழுந்தது.

அவனுக்கு ஒரே அண்ணன், ஓன்னோ. அவனும் ரேடியோக்காரன்தான், சரக்குக் கப்பலில். சண்டை ஆரம்பித்தபோது ஓன்னோவின் கப்பல் பசிபிக்கில் இருந்தது. திரும்ப வழியில்லாமல் ஜப்பானில் போய் ஒதுங்கியது. சைபீரியா ரயில் ஓடினவரை கடிதம் வந்தது. ரஷ்யாவோடு சண்டை மூண்டதும் அதுவும் நின்றது. ஓன்னோவின் மனைவி கேஷே, எய்லர்ட்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், போன விடுமுறையில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நீ காதை வெச்சுத்தானே அங்க பொழைக்கிறே? எங்கயாவது ஒரு மூலையில அவர் சத்தம் கேட்டா எனக்கு ஒரு வரி எழுதுவியா?"

"கேட்டா எழுத மாட்டேனா?"

"அவர் கை உனக்கு அடையாளம் தெரியுமில்ல?"

"செத்து மண்ணுக்குள்ள கிடந்தாலும் தெரியும்."

பேச்சுக்குச் சொன்னதல்ல அது. தந்தி அடிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் கையெழுத்து மாதிரி ஒரு கை உண்டு. ஓன்னோவுக்குப் பதினாறு வயதில் மீன் பீப்பாய் மூடியில் விரல் நசுங்கியது. அன்றிலிருந்து தந்தியில் மூன்று புள்ளி, அதாவது மூன்று குட்டித் தட்டு, வரிசையாக அடித்தால் இரண்டு ஓடும், மூன்றாவது நொண்டும். தட் தட்... தட். வீட்டுக் கதவைத் தட்டினாலும் அப்படித்தான். அம்மா அடுப்படியில் இருந்தபடியே "நொண்டி வந்துட்டான்" என்பாள். இந்த ஆறு பயணத்திலும் கடல் முழுக்கப் பரந்து கிடக்கிற நூறு கைகளுக்கு நடுவே அந்த ஒரு கையைத்தான் எய்லர்ட் தேடிக்கொண்டிருந்தான்.

ஜனவரி பதினாறாம் தேதி மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரித்ததும் எய்லர்ட்தான். கிழக்கே தூரதேசத்திலிருந்து நம்முடைய சரக்குக் கப்பல் ஒன்று வேஷம் போட்டுக்கொண்டு பிரான்ஸுக்கு வருகிறது. இந்த இந்தக் கோடுகளுக்கு நடுவே, இருபத்தைந்தாம் தேதி வரை, தனியாகப் போகிற எந்தக் கப்பலையும் தொடாதே. பெருசு வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். "அந்தப் பக்கமே போகலை நாம" என்றார்.

உண்மையில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். மூன்று நாளாகப் புயல். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள். அந்த உத்தேசப்படி சிவப்புக் கோட்டுக்கு அறுபது மைல் வெளியே இருந்தார்கள். "முன்னே பின்னே இருக்கலாம்" என்றார் வரைபடம் பார்க்கிறவர். "முன்னேயே இருக்கட்டும்" என்றார் பெருசு.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மூடுபனி விலகியபோது எதிரே ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. தன்னந்தனியாக. நார்வேக் கொடி, நாலு பாய்மரம் என்றார் பெருசு. நார்வேக் கப்பல் என்றால் இங்கிலாந்துக்கு வேலை செய்கிற கப்பல். சேவல் தண்ணீருக்குள் இறங்கியது. முதல் டார்பிடோ கப்பலின் பின்பக்கத்தில் போய் வெடித்தது. கப்பல் நின்றுவிட்டது, ஆனால் மூழ்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தபடி மிதந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் மேல தூக்கு!" பெருசு பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே கத்தினார். "எய்லர்ட்! என்ன புலம்புறான் கேளு!"

ரேடியோக் கம்பி தண்ணீருக்கு மேலே வந்ததும் எய்லர்ட்டின் காதில் அது விழுந்தது. எஸ் எஸ் எஸ். நீர்மூழ்கி தாக்குகிறது என்பதற்கு எல்லாக் கப்பலும் அடிக்கிற அடையாளம். ஒவ்வொரு எஸ்ஸுக்கும் மூன்று புள்ளி.

தட் தட்... தட். தட் தட்... தட். தட் தட்... தட்.

 பென்சில் தானாகக் காகிதத்தில் ஓடியது, பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஆனால் கை அவனுடையது மாதிரியே இல்லை.

"என்னடா, வாயில உருளைக்கிழங்கா? பேரைச் சொல்லு!"

"ஸ்கார்ஹோல்ம், கேப்டன். நார்வே."

"புஸ்தகத்தைப் பாரு!"

உலகத்தில் இருக்கிற கப்பலை எல்லாம் படத்தோடு போட்ட தடித்த புத்தகம் ஒன்று அவன் காலடியில் கிடந்தது. புரட்டினான். "ஆறாயிரத்து நானூறு டன். ஆனா கேப்டன், இதுல ரெண்டு பாய்மரம்தான் போட்டிருக்கு. நீங்க நாலுன்னு சொன்னீங்களே..."

"ஆறாயிரத்து நானூறா!" பெருசின் குரல் உடைந்தது. தொண்ணூற்று நாலும் ஆறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தக் குழாய்க்குள் இருந்த நாற்பத்தைந்து பேருக்கும் தெரியும். "புஸ்தகம் போட்டவன் என்னிக்காவது கடலைப் பார்த்திருக்கானா? ரெண்டாவது டார்பிடோக் குழாய் தயார்! சேவல் கூவட்டும்!"

சேவல் கூவுவது என்றால் பாட்டுப் போடுவது. அது இந்தக் கப்பலுக்கே உரிய பைத்தியக்காரத்தனம். முதல் பயணத்தில் யாரோ ஒருவன் இசைத்தட்டை நிறுத்த மறந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்பிடோ சரியாகப் போய்க் குத்தியது. அன்றிலிருந்து பாட்டில்லாமல் இரண்டாவது டார்பிடோ கிடையாது. ஒரு பொம்பளை மூக்கால் பாடுகிற மட்டமான நடனப் பாட்டு, நடுவில் இரண்டு கீறல். ஒருமுறை பாட்டுப் போடாமல் விட்டபோது டார்பிடோ தவறியது. சொல்லவா வேண்டும்! படித்தவன், எந்திரம் தெரிந்தவன், கணக்கில் புலி, எல்லாருமே அதை வேதவாக்காக நம்பினார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரேடியோவுக்கும் இசைத்தட்டுக்கும் பெட்டி ஒன்றுதான், திருகு ஒன்றுதான். திருகு பாட்டுப் பக்கம் இருந்தால் வெளியுலகம் காதில் விழாது. பதினான்கு கப்பலுக்கு அது ஒரு சிக்கலாகவே யாருக்கும் படவில்லை.

"கேப்டன், ஒரு நிமிஷம். அந்தக் கை... இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்..."

"பாட்டு!"

"அவன் இன்னும் அடிச்சிட்டுத்தான் இருக்கான், கேப்டன்."

"அடிக்கட்டும்! சாகப்போறவன் ஜெபம் பண்றான், உனக்கென்ன? போடுடா பாட்டை!"

எய்லர்ட் திருகைத் திருப்பினான்.

இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. அவன் ஏன் வாயைத் திறந்து 'அது எங்கண்ணன்' என்று கத்தவில்லை? அவனே பிற்பாடு ஆயிரம் தடவை தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். அண்ணன் ஜப்பானில் இருக்கிறான், இது நார்வேக் கப்பல், கைவிரல் நசுங்கினவன் உலகத்தில் ஒருத்தன்தானா என்று மனசு அவசர அவசரமாக நியாயம் பேசியது. ஒன்றரை வருஷமாகத் தேடித் தேடி இப்போது பேய் பிடித்துவிட்டது என்றும் பேசியது. பாட்டு மூன்று நிமிஷம் பத்து விநாடி ஓடும். கடைசிச் சரணத்தில் இரண்டாவது டார்பிடோ போய்க் குத்தியது. ஆட்கள் சுவரைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். எய்லர்ட் இசைத்தட்டை எடுத்துவிட்டுத் திருகை மறுபடி ரேடியோ பக்கம் திருப்பினான். ஒன்றுமே கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் மேலிடத்துக்குச் செய்தி போனது: ஸ்கார்ஹோல்ம், ஆறாயிரத்து நானூறு டன், மூழ்கியது. அடித்ததும் எய்லர்ட்தான். சேவல் நீர்மட்டத்துக்கு வந்து மேற்கே ஓடத் தொடங்கியது. சமையல்காரன் தகரடப்பா ஸ்ட்ராபெரியை உடைத்து ஆளுக்கு மூன்று கரண்டி கொடுத்தான். பெருசு தன் கழுத்தைத் தடவிக் காட்டி, "தொண்டை வலி போயே போச்சு!" என்றார். முதுகுக்குப் பின்னால் சொல்கிற ஜோக்கு அவருக்கே தெரிந்திருக்கிறது என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எய்லர்ட் ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கொடி தைக்க உட்கார்ந்தான். பக்கத்தில் தண்ணீருக்கடிச் சத்தம் கேட்கும் கருவியில் உட்கார்ந்திருந்த கால்வெய்ட், கிழக்குப் பிரஷ்யாக்காரன், வாய் நிறைய ஸ்ட்ராபெரியோடு திரும்பினான்.

"என்னடா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பெருசோட தொண்டை வலி உனக்குத் தொத்திக்கிச்சா?"

"கால்வெய்ட், அந்தக் கப்பல்ல அடிச்சவன் கை... எங்கண்ணன் கைடா அது."

"யாரு, ஜப்பான்ல இருக்கானே அவனா?"

"அவனேதான். மூணாவது புள்ளி நொண்டிச்சு."

"போடா பைத்தியம். கடல்ல குளிருக்குப் பாதிப் பேருக்கு விரல் நொண்டும். ஜப்பான்ல இருக்கிறவன் நார்வேக் கப்பல்ல எதுக்கு வர்றான்? நீந்தியா வந்து ஏறினான்?" சிரித்துக்கொண்டே கரண்டியை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "டேய். அந்தச் செய்தி. கிழக்கேயிருந்து வேஷம் போட்டுட்டு வர்ற கப்பல்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கால்வெய்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "நாம வெளியதானே இருக்கோம்? அறுபது மைல் வெளியன்னு சொன்னாங்களேடா!"

எய்லர்ட் எழுந்து இரண்டே எட்டில் கேப்டனின் படுக்கைக்கு முன்னால் போய் நின்றான். கையில் ஊசியும் துணியும் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"கேப்டன், அது நம்ம கப்பலுங்க."

ரெடெக்கர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எது?"

"ஸ்கார்ஹோல்ம். அதுல தந்தி அடிச்சது எங்கண்ணன். அவன் கை எனக்குத் தெரியும். அவன் ஜப்பான்ல மாட்டிக்கிட்ட நம்ம கப்பல்ல இருந்தவன்."

"கை தெரியுமாம், கை!" பெருசின் காது மடல் சிவந்தது. "மூணு வாரமா தூங்காத மூளைக்கு செத்துப்போன பாட்டன் குரல்கூடக் கேட்கும். வாயை மூடிக்கிட்டுப் போய் உன் கொடியைத் தைடா!"

"அப்பவே சொல்ல வந்தேன் கேப்டன், நீங்கதான் பாட்டுன்னு..."

"போன்னு சொன்னேன்!"

அவர் அறையத்தான் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து மேலே கோபுரத்திலிருந்து ஒரு குரல்: "சூரியன்! சூரியன் தெரியுது!"

ஆறு நாளில் முதல் தடவை. வரைபடம் பார்க்கிறவர் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஓடினார். நடுப்பகல் சூரியனை அளந்து, இறங்கி வந்து, கணக்குப் போட்டார். ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு பென்சிலால் வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். அங்கிருந்து பின்னோக்கி மூன்று மணி நேரத்தை அளந்து இன்னொரு புள்ளி வைத்தார். இரண்டாவது புள்ளி இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது.

ரெடெக்கர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.  "ஐயோ கடவுளே" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகுதான் கத்தினார்: "திருப்பு! முழு வேகம்! திருப்புடா!"

மணி மூன்று ஆவதற்குள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. அப்புறம் பழுப்பாகப் பெரிய பெரிய மூட்டைகள் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கொக்கிபோட்டு இழுத்தார்கள். ரப்பர். மேலே தூரிகையால் எழுதின ஜப்பான் எழுத்து.  மேல்தளத்தில் கால்வெய்ட் தொப்பியைக் கழற்றினான்.

ஒரே ஒரு படகு இருந்தது. இருபத்து மூன்று பேர், உதடெல்லாம் நீலம் பாய்ந்து. சேவலைப் பார்த்ததும் படகில் இருந்தவர்கள் கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள், ஆங்கிலேயனிடம் சரணடைகிற மாதிரி. பக்கத்தில் வந்து முகம் தெரிந்ததும், கோபுரத்துச் சேவல் தெரிந்ததும், தூக்கின கைகள் அப்படியே நின்றன. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டு மாலுமி எழுந்து நின்றார். ஹின்ரிக் என்று பேர். எம்டன் நகரத்துப் பக்கத்து ஆள் என்பது அவர் திட்ட ஆரம்பித்ததுமே எய்லர்ட்டுக்குத் தெரிந்தது. எய்லர்ட்டின் ஊர்ப் பேச்சு.

"நாசமாப் போறவனுங்களா! நீங்களாடா? நீங்களேயாடா? உலகத்தைச் சுத்திட்டு வந்தோம்டா! இங்கிலீஷ்காரன் நாலு தடவை பார்த்துட்டு விட்டுட்டான்! வீட்டு வாசல்ல வெச்சு எங்க கழுத்தை அறுக்கிறதுக்குப் பெத்தாளாடா உங்க ஆத்தா?"

சேவலின் ஆட்கள் படகைக் கயிற்றால் இழுத்துப் பிடித்தார்கள். கைகொடுத்து ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். எய்லர்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இருபத்து மூன்றாவது முகம் வரை பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"ரேடியோக்காரன்?" என்று கேட்டான். "ஓன்னோ எங்க?"

ஹின்ரிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். திட்டு நின்றுவிட்டது. "தம்பியா நீ?"

"ஆமாங்க."

"அவன் வரலை தம்பி. முதல் அடி விழுந்ததுமே சொன்னான், 'இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தடத்துல வேலையில்லை, இது நம்ம ஆளுங்களாத்தான் இருக்கும்'னு. எங்க கேப்டன் படகுல இறங்கச் சொன்னார். மாட்டேன்னுட்டான். வேஷப் பேரை விட்டுட்டு நெசப் பேரை அடிக்க ஆரம்பிச்சான். 'எம்ஸ்ஹோர்ன், ஜெர்மன் கப்பல், சுடாதே, எம்ஸ்ஹோர்ன், ஜெர்மன் கப்பல், சுடாதே'ன்னு. சங்கேதம் கிங்கேதம் ஒண்ணுமில்லை, நம்ம பாஷையிலேயே, பச்சையா. நான் கதவைப் பிடிச்சிட்டு வாடான்னு கத்தினேன். என்ன சொன்னான் தெரியுமா? 'நீர்மூழ்கியில ரேடியோக்காரன் எப்பவும் கேட்டுட்டே இருப்பான் ஹின்ரிக். என் தம்பி அந்த வேலைதான் பார்க்கிறான். ரெண்டு நிமிஷம் கொடு, நிறுத்திடுவானுங்க'ன்னான்."

 "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டான் எய்லர்ட்.

"மூணு நிமிஷம் இருக்கும். அதுக்குமேல ரெண்டாவது வந்துடுச்சே."

எய்லர்ட் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வயிற்றில் ஸ்ட்ராபெரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

*

லோரியானுக்குத் திரும்புகிற வழியில் மேலிடத்திலிருந்து நாலு வரிச் செய்தி வந்தது. சங்கேதத்தைப் பிரித்ததும் அவன்தான். எம்ஸ்ஹோர்ன் எதிரியின் தாக்குதலில் மூழ்கியதாகப் பதிவாகும். கப்பலில் உள்ள ஒவ்வொருவனும் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும், மீறினால் ராணுவக் கோர்ட். ஸ்கார்ஹோல்ம் மூழ்கியது ஏற்கெனவே ரேடியோவில் நாடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆகவே அது கணக்கில் அப்படியே இருக்கும். கொடியும் வழக்கம்போல் பறக்கும்.

கேப்டன் அதை இரண்டு தடவை படித்தார். திரும்ப எய்லர்ட்டிடம் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கொடி தெச்சாச்சா?"

"பாதியில கிடக்கு, கேப்டன்."

"முடிச்சிடு."

முடித்தான். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 6400 என்று அவனே எழுதினான், அவனே கயிற்றில் கட்டி ஏற்றினான். கரையில் பேண்டு வாசித்தார்கள், ஆஸ்பத்திரிப் பெண்கள் பூ எறிந்தார்கள். ஒரு அதிகாரி வந்து ரெடெக்கரின் கழுத்தில் சிலுவையை மாட்டினார். மாட்டும்போது அவர் கழுத்து ஆடிக்கொண்டிருந்ததைக் கூட்டம் உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்துக் கைதட்டியது. இப்படியும் ஒரு அநியாயம் உண்டா என்று கேட்டால், உண்டு, பட்டப்பகலில் வாத்தியத்தோடு உண்டு. மீட்டு வந்த இருபத்து மூன்று பேரையும் பின்பக்கமாக ஒரு மூடின லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். கூட்டம் கலைந்ததும் எய்லர்ட் அந்தக் கொடியை மட்டும் அவிழ்த்து மடித்து மேல்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மார்ச்சில் அவனுக்கு விடுமுறை கிடைத்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். கேஷேயிடமிருந்து கடிதம் வந்தது: 'தகவல் வந்துவிட்டது. வந்துவிட்டுப் போ.'

லேர் ஊரில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கேஷே கறுப்பு உடுத்தியிருந்தாள். ரேஷன் தேயிலையை அவனுக்காகச் சேர்த்துவைத்திருந்தாள். கல்கண்டைக் கோப்பையில் போட்டுச் சூடாகத் தேநீர் ஊற்றினாள். கல்கண்டு படபடவென்று வெடித்தது. கலக்காமல் குடித்தார்கள். அந்த வீட்டில் மூன்று கோப்பைக்குக் குறைந்து குடித்தால் கோபித்துக்கொள்வார்கள். போதும் என்றால் விருந்தாளி தன் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்த வேண்டும், அதுவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சுவரில் ஓன்னோவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இங்கிலீஷ்காரன் டார்பிடோவாம்," என்றாள் கேஷே. "வீட்டுக்கு ரெண்டு நாள் தூரத்துல. தேதி போட்டு எழுதியிருக்காங்க. நீ ஒண்ணும் கேள்விப்படலையா?"

"இல்லை."

"அவர் அடிச்சிருப்பார், இல்ல? கடைசியில தந்தி அடிச்சிருப்பாரே. எவன் காதுலயாவது விழுந்திருக்காதா?"

எய்லர்ட் இரண்டாவது கோப்பையைக் குனிந்து பார்த்தான். "விழுந்திருக்கும்" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கோட்டுல பட்டன் தொங்குது பாரு. கழட்டிக் கொடுத்தா தெச்சுடுவேன்ல?" அவன் தடுப்பதற்குள் ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்து மடியில் போட்டாள். பைக்குள்ளிருந்து வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது. உருவி எடுத்தாள், விரித்தாள்.

"இதானா அந்தக் கொடி? நீ தெச்சதா?"

"ம்."

"ஆறாயிரத்து நானூறு! பெரிய கப்பலாச்சே. எப்ப?"

"ஜனவரி."

"ஜனவரி எத்தனை?"

பொய் சொல்லலாம். இதற்கு முன்னால் எத்தனையோ பொய்யில் கையெழுத்துப் போட்டாயிற்று. "பத்தொன்பது" என்றான்.

கேஷே அந்த எண்ணை விரலால் தடவினாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் அவன் பார்க்காத சந்தோஷம் அது. "அவர் போன அன்னிக்கா? அதே நாளா? எய்லர்ட்! அப்ப அவரைக் கொன்னவனைக் கொன்னது நீதான்! கடவுள் இருக்கார்டா! உங்கண்ணனுக்காக நீயே பழி வாங்கிட்டே, உனக்கே தெரியாம!" அவள் அந்தக் கொடியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஓன்னோவின் படத்துக்குக் கீழே அதை ஊசியால் குத்தி மாட்டினாள். "இனிமே அவர் நிம்மதியாத் தூங்குவார்."

"கேஷே, அதை எடு."

"ஏன்? இங்கதானே இருக்கணும் இது?"

"எடுன்னு சொல்றேன். தயவுசெஞ்சு எடு."

அவள் நாற்காலியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள்.  எய்லர்ட்டுக்கு ராணுவக் கோர்ட்டு நினைவுக்கு வரவில்லை, கையெழுத்து நினைவுக்கு வரவில்லை. அவன் மேஜைமேல் விரலை வைத்துத் தட்டினான்.

தட் தட்... தட்.

அவள் சட்டென்று வாசல் கதவைப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு எத்தனையோ வருஷம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் அவள். அப்புறம் மெதுவாக அவன் விரலைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு, கேஷே. நீ சொன்ன மாதிரியே என் காதுல விழுந்துச்சு. நாங்கதான் சுட்டோம். முதல்ல சுட்டப்ப கப்பல் மூழ்கலை. அவன் 'நாங்க ஜெர்மன், சுடாதே'ன்னு மூணு நிமிஷம் அடிச்சான். நான் கேட்பேன்னு நம்பி அடிச்சான். அந்த மூணு நிமிஷமும் நான் பாட்டுப் போட்டுட்டு இருந்தேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். தான் முத்தம் கொடுத்த துணியைப் பார்த்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், தோல் சிவக்கும்வரை துடைத்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மேஜை அருகே நின்றாள். அவனுக்கு இன்னும் மூன்றாவது கோப்பை ஊற்றவில்லை. தட்டில் கிடந்த அவன் கரண்டியை எடுத்தாள். விருந்தாளி செய்ய வேண்டியதை அவளே செய்தாள். கரண்டியை அவன் கோப்பைக்குள் நிறுத்திவிட்டு, கோட்டை அவன் பக்கமாக நகர்த்தினாள்.